மன உறுதியா, கொதித்த தண்ணீரா? சயாம் ரயில் பாதைக் கைதிகள் பற்றி

மார்ச் 2: வாசகர் ஒருவரின் கேள்வி

"போர்க்கைதிகளாக இருந்து மீண்டவர்களின் நினைவுக் குறிப்புகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். மனம் தளராதவன் பிழைத்தான், தளர்ந்தவன் செத்தான். சயாம் மரண ரயிலானாலும் சரி, வியட்நாம் சிறையானாலும் சரி, கடைசியில் காப்பாற்றியது மன உறுதிதான். மாற்றுக் கருத்து உண்டா?"

மார்ச் 2, இரவு 9.50

உண்டு.

எல்லாரும் என்றால் யார்? திரும்பி வந்து எழுதியவர்கள். செத்தவர்களில் உறுதியானவர்கள் எத்தனை பேர் என்று யார் போய்க் கேட்டார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினரில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இறந்தார்கள். அதே ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் படையினர் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களில் 33 லட்சம் பேர் திரும்பவில்லை. ரஷ்யக் குடியானவனுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று சொல்லிவிடலாமா? முதல் கூட்டத்துக்குச் செஞ்சிலுவை உணவுப் பொட்டலம் போனது. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1929 ஜெனீவா ஒப்பந்தம் பேருக்காவது தலைக்குமேல் இருந்தது. இரண்டாவது கூட்டத்தை 1941 குளிர்காலத்தில் முள்வேலிக்குள் வெட்டவெளியில் அடைத்து வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள்.

மார்ச் 3, இரவு

நேற்று எழுதியது வெறும் கணக்கு. என் வீட்டுக் கதையையும் சொன்னால்தான் நான் ஏன் கோபப்படுகிறேன் என்பது புரியும்.

என் தாத்தா பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். 1943-இல், சப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றினார்கள். மூடிய சரக்கு ரயில் பெட்டியில் சயாமின் பான்போங் வரை. அங்கிருந்து காட்டுக்குள் நடை. மூன்று மாதம் மூன்று ஆண்டானது. 1946-இல்தான் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் திரும்பினார்.

சயாமைப் பற்றி அவர் என்னிடம் பேசியது மொத்தமே ஐந்தாறு முறை இருக்கும். அதில் மூன்று முறை சொன்னது ஒரே காட்சி. ஓடைக்கு அக்கரையில் வெள்ளைக்காரக் கைதிகளின் முகாம். கோவணம் மட்டும் கட்டிய எலும்புக்கூடுகள் வரிசையில் நிற்கின்றன. வரிசையின் தலைப்பில் அடுப்பின் மேல் ஒரு தகர டிரம். அதில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஒவ்வொருவனும் தன் தட்டையும் கரண்டியையும் அந்தக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகுதான் சோறு வாங்க நகர்கிறான். முக்காமல் நழுவப் பார்த்தவனை இன்னொருவன் கழுத்தைப் பிடித்து வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறான்.

"சாகப் போகிறவனுக்கு ஆசாரத்தைப் பார் என்று சிரித்தோம்" என்பார் தாத்தா. சிரித்தவர்கள் எட்டுப் பேர். பத்து நாளில் ஐந்து பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். இவர் ஒரு பால் டின்னைத் தேடி எடுத்துத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தொடங்கினார்.

சாகும்வரை வீட்டில் யார் தண்ணீர் கொடுத்தாலும் "குமிழி வந்ததா, பார்த்தாயா?" என்று கேட்காமல் குடித்ததில்லை. கல்யாண வீட்டிலும் கேட்பார். அம்மாவுக்கு மானம் போகும்.

அக்கரையில் நடந்தது என்ன என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூர் சாங்கி கைதி முகாமிலிருந்து 'எஃப்' படை என்ற பெயரில் 7,000 கைதிகளை ரயிலில் அனுப்பினார்கள். பான்போங்கில் இறக்கி, பர்மா எல்லை வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் இரவு நடை. மே மாதம் அங்கே காலரா வெடித்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் மேஜர் புரூஸ் ஹன்ட் கழிப்பறை, ஈ, தண்ணீர், தட்டு என்று ஒவ்வொன்றாக மிரட்டி உருட்டி ஒழுங்குபடுத்தினார். தாத்தா பார்த்த முகாம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதை நெடுகக் கைதிகளின் மருத்துவர்கள் பிடிவாதமாகச் செய்ய வைத்த வேலை இதுதான்.

பாதை முழுவதற்கும் கணக்குப் பாருங்கள். நேசநாட்டுக் கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்குக் குறையாது. இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டில் ஒருவர். ஒரே மழை, ஒரே காடு, ஒரே அரிசி, ஒரே காவலன். இதில் மன உறுதி எங்கே வருகிறது?

மார்ச் 4, காலை

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "தலைப்பு போர்க்கைதிகள். தோட்டத் தொழிலாளர்கள் போர்க்கைதிகள் ஆக மாட்டார்கள். சட்டம் வேறு."

சட்டம் வேறுதான். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போர்க்கைதிக்குப் பதவி உண்டு, எண் உண்டு, செத்தால் கணக்கு எழுத ஓர் அதிகாரி உண்டு. ஜப்பான் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பிறகு அதை உறுதிப்படுத்தாமல் விட்டது. கைதிகளை அடித்தது, பட்டினி போட்டது, நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு வேலைக்குத் தூக்கி வரச் சொன்னது. அப்படியும் கைதி என்ற அந்தச் சொல் கொஞ்சம் தாங்கியது. தாத்தாவுக்கு அந்தச் சொல்கூட இல்லை. கூலி ஓடினால் பிடித்து அடிக்கலாம். செத்தால் அடுத்த லாரி வரும்.

மார்ச் 5, மாலை

முதலில் ஒரு திருத்தம். "ஒரே அரிசி" என்று எழுதிவிட்டேன். அரிசி ஒன்றுதான், கூட வந்தது வேறு.

ஜப்பானியர் கைதி அதிகாரிகளுக்குப் பதவிக்கேற்பக் கொஞ்சம் சம்பளம் கொடுத்தார்கள். பல முகாம்களில் மூத்த அதிகாரிகள் அதில் ஒரு பங்கைப் பிடித்துப் பொது நிதியாக வைத்து, நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் இதற்காகச் சக அதிகாரிகளோடு முட்டி மோதியிருக்கிறார். மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. காஞ்சனபுரி வியாபாரி பூன்போங், முகாமுக்குக் காய்கறி விற்கிற சாக்கில் மருந்தையும் பணத்தையும் கடத்தி உள்ளே சேர்த்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும்.

முட்டை என்ன பெரிய முட்டை என்று தோன்றலாம். தீட்டிய அரிசி மட்டும் தின்றால் தயமின் என்ற பி1 வைட்டமின் கிடைக்காது. கால் வீங்கும், வீக்கம் மேலேறும், பிறகு இதயம் நின்றுவிடும். பெரிபெரி. தவிட்டைப் பிடித்துத் தின்றாலே தள்ளிப் போகும் சாவு அது. தவிடு குதிரைத் தீனி என்று முதலில் பலர் மறுத்தார்களாம்.

காட்டுப் புண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மூங்கில் கீறினால் போதும். இரண்டு வாரத்தில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சதை அழுகி எலும்பு வெள்ளையாகத் தெரியும். மருத்துவரிடம் இருந்தது விளிம்பைத் தீட்டிய ஒரு சாப்பாட்டுக் கரண்டி. நான்கு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அழுகலை அந்தக் கரண்டியால் நல்ல சதை தெரியும்வரை சுரண்டி எடுப்பார். மயக்க மருந்து கிடையாது. சுங்காய் முகாமில் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் என்ற கனடாக்காரர் கால்களை வெட்டி எடுத்தார். கொடையாளியின் ரத்தத்தைக் கிண்டிக் கிண்டி உறைநாரைப் பிரித்து, துணியில் வடிகட்டி, அடுத்தவன் உடம்பில் ஏற்றினார். காலராக்காரனுக்கு உப்புநீர் ஏற்ற மூங்கிலையே ஊசியாகச் சீவினார்கள்.

ஓடைக்கு இக்கரையில் இதில் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் இல்லை. குழி தோண்டு, தண்ணீரைக் காய்ச்சு என்று அதட்ட ஆள் இல்லை. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், பல தோட்டத்துக்காரர்கள், பர்மியர், ஜாவாக்காரர், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. 1943 நடுவில்தான் ஜப்பானியர், காலரா தங்கள் ஆட்களையும் தின்றுவிடும் என்று பயந்து, சாங்கியிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் 'கே' படை, 'எல்' படை என்று தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம்களில் தமிழர்கள் எப்படிக் கிடந்தார்கள் என்பதற்கு இன்று நமக்கு இருக்கும் எழுத்துச் சாட்சியில் பெரும்பகுதி அந்தக் கைதிகள் எழுதியது.

மார்ச் 5, இரவு 11.30

"அப்படியானால் ஒழுங்கும் அதிகாரியும் இருந்தால் போதும் என்கிறீர்களா?"

தூக்கம் வருகிறது. நாளை.

மார்ச் 7

நாளை என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி உண்மையிலேயே குடைந்தது.

எஃப் படையையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியர் 3,662 பேரில் இறந்தவர்கள் 1,060. பிரிட்டிஷார் ஏறத்தாழ 3,400 பேரில் இறந்தவர்கள் 2,000-க்கும் மேல். இரு தரப்பிலும் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். என் கட்சிப்படி இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது.

ஆஸ்திரேலியர்கள் இதைத் தங்கள் தோழமைக்குச் சான்றாகப் பெருமையோடு சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் புறப்பட்டபோதே நிலைமை ஒன்றாக இல்லை. மலைப்பாங்கான, நல்ல சாப்பாடு கிடைக்கும் இடத்துக்குப் போகிறோம், நோயாளிகளையும் அழைத்து வரலாம் என்று ஜப்பானியர் சொன்னதை நம்பி, நடக்கமுடியாதவர்களையும் ஏற்றினார்கள். பிரிட்டிஷ் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். பல படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த கூட்டம் அது. ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் சண்டைக்கு முன்பிருந்தே ஒன்றாக இருந்தவர்கள்.

ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். அதிகாரி இருந்தால் போதாது. பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு உன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நீ காலையில் எழுந்திருக்காவிட்டால் ஏன் என்று கேட்க ஒருவன் வேண்டும்.

இதை மன உறுதி என்று பெயர் மாற்றி எனக்கே திருப்பித் தராதீர்கள். உறுதி ஒருவனுக்குள் இருப்பது. நான் சொல்வது இருவருக்கு நடுவில் இருப்பது.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் விடவில்லை. கொரியாவைக் கொண்டு வந்திருக்கிறார். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கர் 7,000-க்குச் சற்று மேல், இறந்தவர்கள் 2,700 அளவில். நோய் பெரிதாக இல்லாத இளைஞர்கள் சிலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சாப்பிட மறுத்து, இரண்டு மூன்று நாளில் செத்துப்போனார்கள் என்று உயிரோடு வந்த மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். "இது மனம் இல்லாமல் வேறு என்ன?"

ஒப்புக்கொள்கிறேன். மனம் கைவிட்டால் உடல் போய்விடும் என்பது கட்டுக்கதை அன்று. தாத்தாவும் அப்படி ஒருவரைச் சொல்லியிருக்கிறார்: தாடி மழிப்பதை நிறுத்தினார், பிறகு பேச்சை நிறுத்தினார், பிறகு இல்லை.

ஆனால் அந்த அமெரிக்கர்களில் பெரும்பாலோர் செத்தது முதல் குளிர்காலத்தை ஒட்டி. சோறு சரியாகவும் முகாம் ஒழுங்காகவும் தொடங்கியதும் சாவு சட்டென்று குறைந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி வந்துவிட்டதா?

(அப்படி விழுந்தவனை எழுப்ப நண்பர்கள் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? திட்டுவது, கோபமூட்டுவது, இழுத்து நிறுத்தி நடக்க வைப்பது. கோபம் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வானாம். நம் வீட்டு மாமியார்கள் பாதிப்பேர் மருத்துவப் படை அமைத்திருக்கலாம்.)

மார்ச் 9

தடம் மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாமில் தனிச்சிறையில் இருந்த அமெரிக்க விமானிகள் சுவரைத் தட்டிப் பேசிக்கொண்டார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம். முதலில் வரிசைக்குத் தட்டு, பிறகு நிரலுக்குத் தட்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, கட்டமோ 25, ஆகையால் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

நேற்று இரவு மேசையில் தட்டித் தமிழுக்குப் போட்டுப் பார்த்தேன். மெய் 18, உயிர் 12, கட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது, தொல்காப்பியருக்கு நன்றி. 'க' என்றால் இரண்டே தட்டு. ஆனால் 'னௌ' வந்தால் பதினெட்டும் பன்னிரண்டும் முப்பது தட்டு. காவலன் வந்து உதைப்பதற்குள் ஓர் எழுத்து முடியாது. வீட்டில் "இந்த வயதில் மேசையைத் தட்டிக்கொண்டு என்ன இது" என்ற குரல் வந்ததால் ஆராய்ச்சி கைவிடப்பட்டது.

அதே சிறையில் டக்ளஸ் ஹெக்டால் என்ற இளம் மாலுமி இருந்தார். ஒன்றும் தெரியாத அசடுபோல நடித்து, உடனிருந்த 250-க்கும் மேற்பட்ட கைதிகளின் பெயர்களை ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டில் மனப்பாடம் செய்தார். 1969-இல் விடுதலையாகி வெளியே வந்ததும் அத்தனையையும் ஒப்பித்தார். காணாமற்போனவர்கள் என்றிருந்த பலர் உயிரோடு இருப்பது அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

அதற்கும் நூறு ஆண்டு முன்னால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் முகாம். 45,000 பேர் அடைபட்டு ஏறத்தாழ 13,000 பேர் மாண்ட இடம். சாவுக் கணக்கு எழுத உட்காரவைக்கப்பட்ட டோரன்ஸ் அட்வாட்டர் என்ற கைதி, யாருக்கும் தெரியாமல் தனக்கென ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டார். 1865-இல் போர்க்களச் செவிலி கிளாரா பார்டனோடு திரும்பிப் போய்க் கல்லறைகளுக்குப் பெயர் நட்டார்கள். பெயர் தெரியாமல் நின்றவை ஐந்நூறுக்கும் குறைவு.

சயாமிலும் கைதிகள் சாவுப் பட்டியலை டின்னில் அடைத்துப் புதைத்து வைத்திருந்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழு ஒன்று பாதை நெடுகப் போனது; மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனவர் நாகாசே தகாஷி, முன்பு கைதிகளை விசாரித்தபோதும் அருகில் நின்று மொழிபெயர்த்த அதே மனிதர். 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். நாகாசே வாழ்நாள் முழுவதும் தாய்லாந்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, பாலத்தருகே ஒரு கோயிலும் கட்டினார்.

குழு தேடியது பட்டியலில் இருந்தவர்களை. தமிழனுக்கு டின்னும் இல்லை, பட்டியலும் இல்லை.

மார்ச் 12

ஒரு புழுவின் கதை.

போர் முடிந்து முப்பது ஆண்டு கழித்து, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த பழைய படையினரைச் சோதித்தபோது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்புழு பலரின் குடலில் உயிரோடு இருந்தது. சேற்றில் வெறுங்காலோடு நடந்தபோது தோல் வழியே ஏறியது. உடம்புக்குள்ளேயே குஞ்சு பொரித்துத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் சிவந்த கோடாக ஒரு தடிப்பு வரும், சில மணி நேரத்தில் இடம் மாறி ஓடும், மறையும், சில வாரம் கழித்து மீண்டும் வரும். வேறு நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் புழு பெருகி ஆளையே கொன்றுவிடக்கூடும்.

இதைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. தாத்தாவின் இடுப்பில் அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். வேட்டி மடிப்புக்குக் கீழே, விரல் நீளம், நெளிந்து ஓடும். பித்தம் என்றார்கள், சூடு என்றார்கள், பாட்டி வேப்பிலை அரைத்துப் பூசினார்.

மார்ச் 13

மருத்துவர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: ரப்பர் தோட்டத்திலும் அதே புழு உண்டு, அங்கேயும் எல்லாரும் வெறுங்கால்தான், சயாமை ஏன் இழுக்கிறீர்கள் என்கிறார். வாபஸ்.

கோடு மட்டும் உண்மை.

மார்ச் 16

"நேரில் போயிருக்கிறீர்களா?"

2011-இல். காஞ்சனபுரியில் பேருந்திலிருந்து இறங்கியவுடன் எல்லாரும் பாலத்துக்கு ஓடுகிறார்கள். 'க்வாய் நதிப் பாலம்' என்ற ஹாலிவுட் படத்தின் புண்ணியம். போர்க்காலத்தில் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் க்வாய் எங்கே என்று கேட்டதால் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பின்னாளில் பெயரையே மாற்றிவிட்டார்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை; நடுவே நிற்கும் இரண்டு, குண்டு விழுந்த இடத்தில் ஜப்பான் பின்னர் போட்டுக் கொடுத்தவை. ஒரு குடும்பம் தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் வாரிச் சீவியதுபோல இருந்தது. 22, 24, 27 என்று வயதுகள். கீழே வீட்டார் எழுதச் சொன்ன ஒற்றை வரி. மூன்றாவது வரிசையைத் தாண்டுவதற்குள் எனக்குக் கண் மங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. இவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நுழைவாயில் கட்டடத்தில் ஒரு பலகை, தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமான பழைய இந்திய ராணுவத்தினர் 11 பேரின் பெயர்கள். பதினொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

தமிழ்த் தொழிலாளரைத் தேடினால் அருகிலேயே ஒரு பௌத்த விகாரைக்குப் போகச் சொன்னார்கள். 1990-இல் நகரின் கரும்புத் தோட்டம் ஒன்றில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடந்தன. யார் எந்த ஊர் என்று எவரால் சொல்லமுடியும்? அண்மையில் அந்த விகாரையில் மலாயாத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அது இல்லை.

2000-இல் பிரிட்டிஷ் அரசு ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து அப்போது உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தாலும் அந்தப் பட்டியலில் அவர் இல்லை.

மார்ச் 17, இரவு

மேலே மார்ச் 3-இல் எழுதியதை இனி அப்படியே நம்பவேண்டாம்.

இந்தக் குறிப்புகளை அத்தைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தாத்தாவின் மூத்த மகள், 84 வயது. லாரி வந்தபோது இடுப்புக் குழந்தை. பாட்டி சொல்லக் கேட்டதெல்லாம் அத்தையிடம்தான் இருக்கிறது. பால் டின்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணீர் கொதிக்க வைத்தார், சரி. மழைக்காலம். காடு முழுக்க நனைந்த விறகு. அடுப்பு யார் கொடுத்தது?"

நான் இதை ஐம்பது ஆண்டில் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அத்தை சொன்னது இது. ஒருநாள் காலை ஆள் கணக்கு எடுத்த கிராணி, சமையல் கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெயரில் இரண்டு பேர், ஒரே லாரியில் ஏறியவர்கள். கூப்பிட்டது மற்றவரை, தோட்டத்தில் விசேஷங்களுக்குச் சமைத்தவர் அவர்தான். அவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். தாத்தா எழுந்து நின்றார். கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொட்டகை என்றால் நெருப்பு. காய்ந்த இடம். அடிப்பிடித்த சோறு. மண்வெட்டி இல்லை.

"மற்றவர்?" என்று கேட்டேன்.

"அவருக்காகத்தான் உன் பாட்டி ஆடி அமாவாசைக்கு ஓர் இலை கூடப் போடுவார். உனக்குத் தெரியாதா?"

கூடுதல் இலை எனக்குத் தெரியும். காக்கைக்கு என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் இன்று ஒன்றும் வாதாடவில்லை. "அப்படியென்றால் உங்கள் தாத்தா திருடிய இடம்தானே" என்று இன்னொருவர் எழுதியிருந்தார், பிறகு நீக்கிவிட்டார். நீக்கியிருக்க வேண்டாம். நானும் இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் கிடந்தவரால் எழுந்து வந்திருக்க முடியாது. யாரும் எழுந்திருக்காவிட்டால் கிராணி அடுத்த பெயரைப் படித்திருப்பார். இது என் சமாதானம். தாத்தாவுக்கு இந்தச் சமாதானம் போதவில்லை போலிருக்கிறது. கொதிநீர்க் கதையை மூன்று முறை சொன்னவர் இதை ஒருமுறையும் சொல்லவில்லை.

மார்ச் 20

அத்தையிடம் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று லாரி. இதுவரை 19 பேர். பாதிக்குப் பெயர் இல்லை, அழைத்த பெயர்தான்: கோழிக்காரர், நெட்டையர், மூன்றாம் லயத்து மருமகன், பாட்டுக்காரர். ஒருவர் வெறும் "சின்னம்மாவின் அண்ணன்". எந்தச் சின்னம்மா என்றால் அத்தைக்கே தெரியவில்லை. தாத்தாவின் பெயரை இரண்டு முறை எழுதியிருக்கிறேன், ஒன்றன்கீழ் ஒன்றாக.

வேறு தோட்டத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேளுங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளாதீர்கள்.

மார்ச் 21, காலை 6.10

அத்தை விடியற்காலையில் அழைத்தார். போனது கோழிக்காரர் இல்லையாம், கோழிக்காரரின் தம்பியாம். திருத்திவிட்டேன்.